இரண்டு விரல் காற்று

இந்த நாற்காலியை இங்கே போட்டவர் நல்ல தாய் வளர்த்த பிள்ளையாக இருக்க வேண்டும், மரெஷல்லோ ஐயா. உள்ளே நுழைந்ததுமே கவனித்தேன். கதவு அந்தப் பக்கம், ஜன்னல் இந்தப் பக்கம். குறுக்குக் காற்று கழுத்தில் படாதபடி, இரண்டுக்கும் நேர்கோட்டில் வராமல் சுவரோரமாக ஒதுக்கிப் போட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டு மாத வெயிலிலும் ஜன்னல் சாத்தியிருக்கிறது. உங்கள் சீருடைக்குள்ளே கை வைத்த பனியனும் தெரிகிறது. காவல் நிலையத்தில், அதுவும் மரெஷல்லோ பதவியில் இருக்கும் அதிகாரிக்கு, மனிதனுடைய கழுத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

என் பெயர் செவெரீனோ. உங்களுக்குத் தெரியாததல்ல. கோவிலில் ஆர்கன் வாசிப்பவன், மணி அடிப்பவன், பூசைப் பாத்திரங்களைத் துடைத்து வைப்பவன். நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் பிப்ரவரியில், தொண்டைகளுக்குக் காவலரான புனித பிளேசியாரின் திருநாளன்று, பங்குச் சாமியார் எஜீதியோ இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து உங்கள் தொண்டையை ஆசீர்வதித்தார். அருகே நின்று மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தவன் நான். ஊரிலுள்ள எல்லாத் தொண்டைகளையும் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவற்றில் என் நண்பன் ஒரியானோவின் தொண்டைதான் எனக்கு அதிகப் பழக்கம்.

அந்தத் தொண்டையிலிருந்து இப்போது ஒரு சத்தமும் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. நான் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

வாலிபர்களாக இருந்தபோது ‘நீலக் குடைகள்’ என்று ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். ஒரியானோ பாடுவான், நான் ஆர்கன். கிட்டாரும் டிரம்ஸும் வாசித்த இருவர் பிறகு ஜெர்மனிக்குப் போய் ஐஸ்கிரீம் கடை வைத்துச் சௌகரியமாக இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ‘குடைகளை மூடிவிட்டார்கள்’ என்ற பாட்டை ஒரு சிறிய இசைத்தட்டாகப் போட்டோம். கோடை முடிந்து, கடற்கரைக் குடைகளை மடக்கிக் கட்டிய பிறகும் ஒருத்தி கரையேறாமல் கடலிலேயே இருக்கிறாள். ஒருவன் துண்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. எங்கள் கரையில் பிறந்த எவனுக்கும் அதைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். அவ்வளவு நேரம் ஈரத்தோடு இருந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

யாரும் வாங்கவில்லை. என் அம்மா வாங்கினாள். ஒரியானோவின் அம்மா என் அம்மாவிடம் இரவல் வாங்கிக்கொண்டாள்.

ஏன் ஓடவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாட்டின் நடுவே நான் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அது கொஞ்சம் நீளம் என்று சிலர் சொல்வார்கள். ஒரியானோவின் மனைவி நொவெல்லாவுக்கு வாய் அதிகம்.

“உங்க ஆர்கன் ஆரம்பிச்சதும் நான் கொதிக்கிற தண்ணில பாஸ்தாவப் போட்டுடுவேன் செவெரீனோ. நீங்க முடிக்கிறப்ப அது குழைஞ்சு கஞ்சியா போயிருக்கும்” என்பாள்.

நான் சிரித்துவிடுவேன். அவர்களுடைய திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். மனத்தில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவள் எந்தெந்த விருந்துகளில், யார் யார் முன்னிலையில் இதைச் சொன்னாள் என்பது நினைவிருக்கிறதே தவிர, வேறு ஒன்றும் இல்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு மிர்கோ என்று ஓர் இளைஞன் வந்தான். ரிமினியில் டயர் கடைக்குப் பின்னால் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவன். யார் வீட்டுப் பரணிலோ எங்கள் பழைய இசைத்தட்டு அகப்பட்டிருக்கிறது. கேட்டிருக்கிறான். என்னையும் ஒரியானோவையும் காபிக் கடையில் உட்கார வைத்துப் பேசினான்.

“பாட்டு தங்கம் மாஸ்டர். புதுசா ஒரு தடவ பதிவு பண்ணுவோம். ஆனா நடுவுல அந்த ஆர்கன் இருக்கே.”

“எவ்வளவு குறைக்கணும்?” என்று கேட்டேன்.

“குறைக்கவெல்லாம் வேணாம் மாஸ்டர். எடுத்துடலாம்.”

ஒரியானோ என் முகத்தைப் பார்த்தான். “அப்படின்னா வேணாம் தம்பி. இவன் இல்லாம நான் பாட மாட்டேன்” என்றான். நான்தான் அவனைச் சமாதானப்படுத்தினேன். நண்பனுடைய வாய்ப்பைக் கெடுக்கலாமா? “நீ பாடு, நான் கூட வந்து காபி போட்டுத் தர்றேன்” என்றேன். அதைக் கேட்டு அவன் கண் கலங்கினான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடித்த ரஜாய்ப் போர்வை ஒன்றை அதன்மேல் தொங்கவிட்டிருந்தான் மிர்கோ. முதல் நாள் ஒத்திகை, மறுநாள்தான் பதிவு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரியானோ திரும்பத் திரும்பப் பாடினான். அறைக்குள் புழுக்கம். வியர்வை முதுகெலும்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் சுற்றியிருந்த துண்டைக் காயப்போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பிறகு ரஜாயின் ஓரத்தைத் தூக்கி, ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்ப்பார்களே, அதுபோல அவன் கழுத்துக்குப் பின்னால் என் கையை நீட்டிப் பார்த்தேன். காற்று நன்றாக வந்தது. கடல் காற்று, ஏப்ரல் மாதத்துக் காற்று.

ஒரியானோ ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஜன்னலையும் என்னையும் பார்த்தான். சிரித்துவிட்டு மறுபடியும் பாட ஆரம்பித்தான்.

உங்கள் முகம் மாறுகிறது. நானும் இந்த நாட்டில் பிறந்தவன்தான் ஐயா. வியர்த்த கழுத்தில் காற்றுப் படவிடுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். என் அத்தை ஒருத்தி ரயிலில் எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே உட்கார்ந்து போனவள், அங்கோனாவில் இறங்கும்போது தலையைத் திருப்ப முடியாமல் இறங்கினாள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க இடது பக்கத்துச் சொந்தக்காரர்களோடு மட்டும்தான் பேசினாள். ஆனாலும் என் எண்ணம் கெட்ட எண்ணம் அல்ல. தொண்டை கட்டும், பதிவு தள்ளிப்போகும், மிர்கோவுக்கு ஆர்வம் ஆறிவிடும், பாட்டு கடவுள் கொடுத்தபடியே ஆர்கனோடு இருக்கும். ஒரு பழைய பொருளைப் பாதுகாக்கும் முயற்சி. அவ்வளவுதான்.

மறுநாள் ஒரியானோ வாயைத் திறந்தால் சரளைக்கல் லாரி போவது போல இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று நான் அவன் மேல்சட்டையை எடுத்தேன். “தம்பி நாள ஒதுக்கிக் காத்துக்கிட்டு இருக்கான். பாவம், ஒரு தடவ முயற்சி பண்றேன்” என்றான் ஒரியானோ. பாடினான். மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. கீழே இறங்க வேண்டிய இடத்தில் காணாமல் போயிற்று. “நீ இன்னும் கடலிலேயே இருக்கிறாய்” என்ற கடைசி வரியில் வெறும் மூச்சுதான் வந்தது.

மிர்கோ காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எதையும் மாத்த வேணாம். இதுதான் பாட்டு” என்றான்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் கடற்கரையில் எந்த ஒலிபெருக்கியைக் கேட்டாலும் அந்தப் பாட்டு. ரொட்டிக்கு மாவுருண்டை தட்டும் பெண்கள், லாரிக்காரர்கள், ஜெர்மனியிலிருந்து வரும் குடும்பங்கள், எல்லோரும் பாடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வந்த வரிசையிலேயே ஒரு பெண்மணி அதை முணுமுணுத்தாள். என் அம்மா இரவல் கொடுத்த பாட்டை உலகமே கேட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, அந்தக் குரலில் ஒரு வாழ்நாள் துயரம் இருக்கிறது என்றார். வாழ்நாள் எல்லாம் இல்லை. ஒரு மத்தியானம், இரண்டு விரல். ஆனால் அவரிடம் அதைச் சொல்வது தற்பெருமையாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒரியானோ குணமாகிவிட்டான். நொவெல்லா பாலில் தேன் ஊற்றிக் கொடுத்தே அவன் குரலைப் பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டாள். முதல் கச்சேரி பக்கத்து ஊரில், கடல்மட்டி சாப்பிடும் திருவிழாவில். மேடையில் நின்று, இளமையில் பாடியதைவிடச் சுத்தமாகப் பாடினான். கீழே ஒருவரும் அசையவில்லை. மட்டி ஓட்டை உறிஞ்சிக்கொண்டே ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

“யாருடி இந்தாளு? பாட்டுக்காரரு எப்ப வருவாரு?”

“இவரு சும்மா அவர மாதிரி பாடிக் காட்டுறவரு போல. சரியாவே வரல.”

கச்சேரி முடிந்ததும் வேனில் உட்கார்ந்துகொண்டு, வாங்கிய ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “அவங்களுக்கு நான் வேணாம்டா செவெரீனோ. அந்தச் சளிதான் வேணும்” என்றான். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவன் ரொட்டியைப் பார்த்து அழுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? கல் நெஞ்சுக்காரன்கூட ஏதாவது செய்வான். சிறு உதவிகளில்தான் மனிதனை அளக்க வேண்டும் என்று சாமியார் எஜீதியோ அடிக்கடி பிரசங்கம் செய்வார்.

நான் உதவி செய்தேன்.

அடுத்த கச்சேரிக்குப் போகும்போது வேனில் அவனை ஓரத்தில் உட்கார வைத்து, எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அன்றைக்குக் கைதட்டல் ஓயவில்லை. அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதற்கடுத்த முறை, குளித்துவிட்டு வந்தவனை ஈரத்தலையோடு துறைமுகம் வரை நடக்கக் கூட்டிப்போனேன். ஒருமுறை பனிக்கட்டியில் புதைத்து வைத்த தர்பூசணி கொடுத்து, பின்னால் மின்விசிறியை வைத்தேன். ஒருமுறை மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கடலில் இறங்கச் சொன்னேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஆமாம் ஐயா, சாப்பிட்ட உடனே. மூன்று மணி நேரம் போகாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். லசான்யா சாப்பிட்டிருந்தான். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டிருந்தான்.

கரையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். துண்டை உடனே கொடுக்கவில்லை.

ஆனால் நான் ஒருபோதும் பொறுப்பில்லாமல் செய்ததில்லை. ஒவ்வொரு தடவைக்கும் முன்பாகப் புனித பிளேசியாரின் பீடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். நெஞ்சுக்கு இறங்காமல் தொண்டையோடு நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அவரும் கைவிட்டதில்லை.

கடினமாக இருந்தது நொவெல்லாவின் விஷயம்தான். கணவனுக்கு அடிக்கடி தொண்டை கட்டுகிறது என்று அவள் தூக்கத்தை இழந்தாள். ஜூலை மாதத்தில் கம்பளி நூல் வாங்கி, பச்சை நிறத்தில் ஒரு கழுத்துத்துணி பின்னினாள். ஊர் சிரித்தது. பின்னி முடித்து, அதை என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

“இத உங்க கையில குடுக்குறேன் செவெரீனோ. அந்த மனுசனுக்குக் கொழந்த புத்தி, கழட்டி வச்சுட்டு மறந்துடுவாரு. பாஸ்தா அது இதுன்னு நான் எதையாவது சொல்லியிருப்பேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க ஒருத்தர் கூட இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா அனுப்புறேன்.”

கழுத்துத்துணியை வாங்கிப் பத்திரமாக வைத்தேன். மிகவும் பத்திரமாக. என் வீட்டு அலமாரியில், அந்துருண்டை போட்டு.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவில் எங்கள் பாட்டு. சொந்த ஊர்ச் சனங்களுக்கு முன்னால், கோவில் சதுக்கத்தில். வேறு ஊர்களில் பாடியதைவிட அன்று அவன் குரல் நன்றாகக் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு நண்பனுக்கு வேறு என்ன ஆசை இருக்க முடியும்? பங்கு மண்டபத்தில் ஒத்திகை. திருவிழாவுக்கு வேண்டிய பெஞ்சுகளைத் தூக்கிப் போட ஆள் இல்லை என்று சொன்னேன். ஒரியானோ மறுபேச்சில்லாமல் தூக்கினான். பெஞ்சுகள் மரம், பழையவை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு அவனை முக்காலியில் உட்காரச் சொன்னேன். மண்டபத்தில் கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், மலையைப் பார்த்து ஒரு ஜன்னல். முக்காலியை நடுவில் போட்டிருந்தேன். இரண்டையும் திறந்தேன். இரண்டு விரல் அல்ல. முழுசாக.

“நல்லாத் தெறந்து வையிடா. ஒனக்குக் காத்து வேணும்ல” என்றான் ஒரியானோ.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அன்றைக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் அவனுக்குக் குரலே இல்லை. கட்டிய குரல்கூட இல்லை. வாய் அசைகிறது, மீன் வாய் மாதிரி. அளவு தப்பிவிட்டது, ஐயா. மருந்தில்கூட நடப்பதுதான்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். தினமும் பாடிப் பாடித் தொண்டை புண்ணாகியிருக்கிறது, பத்து நாள் வாய் திறக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். நான் தனியாகக் கூப்பிட்டு, காற்றுப் பட்டதால் இருக்குமா என்று கேட்டேன்.

“காத்துப் பட்டெல்லாம் யாருக்கும் தொண்ட போகாதுங்க. எந்தக் காலத்துல இருக்கீங்க?” என்று சிரித்தார்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. கோடை முழுக்க நான் பட்ட பாட்டை ஒரு வரியில் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பொலோனியாவில் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் ஈரத்தலையோடு கடைத்தெருவில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

சாமியார் எஜீதியோவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். லசான்யா என்ற இடத்தில் மட்டும் அவர் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கடைசியில் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். “அப்புறம் ஒரியானோகிட்டப் போயி உண்மையச் சொல்லு. அந்த மந்திரத்தவிட அதுதான் கஷ்டம், அதனாலதான் அதையும் சேத்துச் சொல்றேன்” என்றார். மந்திரங்களை அங்கேயே முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தேன். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் சட்டையைப் பற்றிக் கேட்கிறீர்கள். தையல்காரர் சொன்னாரா? சரி. வெள்ளிச் சரிகை வைத்த சட்டை ஒன்று எனக்குத் தைத்திருக்கிறேன். மே மாதத்தில் தைக்கக் கொடுத்தேன். ஆர்கன் வாசிப்பவன் நல்ல சட்டை போடக் கூடாது என்று சட்டம் உண்டா? பாட்டை என் குரலுக்கு ஏற்றபடி இரண்டு கட்டை இறக்கி வைத்திருந்தது ஒரு முன்னெச்சரிக்கை. நடுவில் ஆர்கன் பகுதியைத் திரும்பச் சேர்த்திருப்பது, பாடுகிறவன் மூச்சு வாங்க. கண்ணாடி முன்னால் நின்று பாடிப் பார்த்தது உண்மை. அதற்கு இந்த வழக்கோடு சம்பந்தம் இல்லை. முப்பது வருடமாக அப்படிப் பாடிப் பார்க்கிறேன். ஒரியானோ பாட முடியாமல் போனால், வரிகள் முழுசாகத் தெரிந்த இன்னொருவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அது என் தவறா?

இன்று காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் ஒரியானோ நிற்கிறான். வீட்டை விட்டு வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இரண்டையும் மீறி வந்திருந்தான். கையில் மூடிய பாத்திரம் ஒன்று, நொவெல்லா கொடுத்த கோழி சூப். அதை மேசைமேல் வைத்துவிட்டு, மூச்சுக் காற்றிலேயே பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

“ஞாயித்துக்கெழம நீ பாடு. கமிட்டிலயும் சொல்லிட்டேன்.”

“நீ எதுக்குடா இதுக்காக வந்த, வாயத் தெறக்காத” என்றேன்.

“ஒண்ணு சொல்லணும். அங்க கூட்டம் ஜாஸ்தி இருக்கும். மேடைய சதுக்கத்து ஓரமா போடச் சொல்லியிருக்கேன், கடல் பக்கம். ஒனக்குக் காத்து வர்ற மாதிரி.”

“எனக்கா?”

“எனக்குத் தெரியும்டா. முன்ன ஒரு ஈஸ்டர்ல சாம்பிராணிப் பொகையில நீ மயங்கி விழுந்தியே, அப்பவே தெரியும். ஒனக்கு மூச்சு முட்டும். எங்க போனாலும் நீ ஜன்னலத் தெறக்கறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கேட்டா நீ வெக்கப்படுவேன்னு விட்டுட்டேன்.” எச்சில் விழுங்கிக்கொண்டான். “எனக்குக் கழுத்து வலிக்கும்தான். ஆனா சாத்துன்னு சொன்னா நீ என்ன பண்ணுவ? நொவெல்லாகிட்டயும் சொல்லல. அவ வந்து எல்லா ஜன்னலையும் ஆணி அடிச்சுடுவா.”

எனக்கு மூச்சு முட்டும் வியாதி எதுவும் கிடையாது, ஐயா. அந்த ஈஸ்டரில் விழுந்தது வெறும் வயிற்றோடு இருந்ததால்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் முன்னால் அவன் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறான். எனக்காக. டயர் கடைக்குப் பின்னாலும், வேனிலும், அந்த முக்காலியிலும். கடலில்கூட, “நீ உள்ள எறங்கு, நான் கரையில காத்து வாங்குறேன்” என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காக லசான்யா வயிற்றோடு இறங்கியிருக்கிறான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சாமியாரும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அவன் கண்ணில் அத்தனை திருப்தி. ஒரு மனிதன் கோடை முழுக்கச் செய்த உதவியை, அது உதவியே அல்ல என்று அவனிடம் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை. அந்தக் கொடுமையை நான் செய்ய விரும்பவில்லை. அலமாரியைத் திறந்து பச்சைக் கழுத்துத்துணியை எடுத்துக் கொடுத்தேன். வேனில் கிடந்தது என்றேன். அவன் அதை வாங்கவில்லை. அந்துருண்டை வாசனையோடு என் கழுத்திலேயே சுற்றிவிட்டு, நுனியை உள்ளே செருகினான்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் கழட்டாத. குரலப் பாத்துக்க” என்றான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சூப்பைக் குடித்தேன். ஆறிப்போனால் நொவெல்லாவுக்கு மரியாதை இல்லை. குடித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். இந்தக் கழுத்துத்துணி அதுதான்.

எனவே எல்லாம் நான் செய்ததுதான். ஏப்ரலிலிருந்து போன வாரம்வரை, ஒவ்வொரு ஜன்னலையும் தெரிந்தே திறந்தேன். என் நண்பனுடைய குரலை எடுத்தவன் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஜன்னல் திறப்பதற்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். சட்டம் எழுதியவர்கள் மலைப்பக்கத்துக்காரர்களாக இருப்பார்கள். என் மனச்சாட்சிக்கு அந்தப் பிரிவு இருக்கிறது. சொல்லி முடித்துவிட்டேன், நெஞ்சு பஞ்சு மாதிரி இருக்கிறது.

திருவிழாக் கச்சேரியை ஒரு வாரம் தள்ளி வைத்தால் ஒரியானோவே பாடிவிடுவானே என்கிறீர்களா? டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். கமிட்டியில் முடிவை என்னிடமே விட்டிருக்கிறார்கள். நானும் மிகவும் யோசித்தேன். ஆனால் புனித பிளேசியாரின் நாளை நம் வசதிக்காகத் தள்ளுவது பக்திக்கு அழகல்ல.

“பிப்ரவரில வர்ற திருநாள, சுற்றுலாக்காரங்க வசதிக்காக ஆகஸ்டுல இன்னொரு தடவ கொண்டாடுற ஊரு இது. ஆறு மாசம் பொறுத்துக்கிட்ட புனிதரு இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா?” என்று கேட்கிறீர்கள்.

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. திருவிழா முடிந்த பிறகு சாவகாசமாக உட்கார்ந்து இருவரும் யோசிக்கலாம்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? புழுக்கமாக இருக்கிறதா? வேண்டாம் ஐயா, முழுசாகத் திறக்காதீர்கள். இந்த நாற்காலி சரியான இடத்தில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கதவும் திறந்திருந்தால் காற்று இங்கேயும் வளைந்து வருகிறதே. என்னைக் கைது செய்வதானால் திங்கட்கிழமை வந்து கைது செய்யுங்கள், வீட்டிலேயே இருப்பேன். இப்போதைக்கு அந்த ஜன்னலை மட்டும் தயவுசெய்து சாத்திவிடுங்கள். கழுத்து வியர்த்திருக்கிறது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டியிருக்கிறது.